வாயடைத்த ஆம்ப்

லாம்போக்குக்கு அன்று ஒரே ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. கிடார் சத்தத்தைப் பெருக்கித் தரும் ஆம்ப் வாயைத் திறக்க வேண்டும். ஷில்லாங்கில் எல்லாரும் பேசுகிற இசைக்குழுவின் தலைவர் கிட்போக், அவன் வாசிப்பைக் கேட்க வீட்டுக்கே வந்து உட்கார்ந்திருந்தார். குழுவின் கிடார்காரன் விலகிவிட்டான். அந்த இடம் கிடைத்தால் லாம்போக் மனிதன். இல்லையென்றால் மனைவி வீட்டுக் கோழிக்கூண்டுக்கு ஆணி அடித்தே கிழவனாக வேண்டியதுதான்.

சிவப்பு விளக்கு எரிந்தது. சத்தம்தான் இல்லை.

ஒயரை மாற்றினான். ஃப்யூஸைக் கழற்றித் துடைத்துப் போட்டான். ஸ்பீக்கர் கம்பியை ஆட்டிப் பார்த்தான். போன வாரம் பக்கத்து வீட்டில் சாவு விழுந்ததால் தெருவே அடங்கிக் கிடந்தது. அந்த நாட்களில் அவன் ஹெட்போன் மாட்டித்தான் பழகினான். ஹெட்போனைச் செருகினால் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். ஆனால் அது இப்போது கழன்று மேசை மேல் கிடந்தது. அதனால் ஆம்பின் பின்பக்கம் அதைச் செருகும் துளையை அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மனைவியின் அண்ணன் பான்ஷான் சாய்ந்து உட்கார்ந்து பாக்கு மென்றுகொண்டிருந்தான். அவனும் கிடார் வாசிப்பவன்தான், சுமாராக. ஆனால் தங்கை பிள்ளைக்குத் தாய்மாமன் அவன். அந்த ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை மனைவி வீட்டோடு வந்து இருப்பவன்; அங்கே தாய்மாமன் வைத்ததுதான் சட்டம்.

"என்ன மாப்பிள்ளை, ஆம்புக்கும் துக்கமா? அதுவும் வாயத் திறக்க மாட்டேங்குதே!"

கிட்போக் சிரித்துவிட்டார். லாம்போக்குக்குக் காது மடல் எரிந்தது.

"கொஞ்சம் பொறுங்கண்ணே, இதோ ஆயிடும்."

"இதையேதான் அப்போலேருந்து சொல்றே," என்று எழுந்தார் கிட்போக். "எனக்கு வேற வேலை இருக்குப்பா."

"அண்ணே, என் பெண்டாட்டி வீட்டுல ஆம்ப் இருக்கு, வாங்க," என்றான் பான்ஷான். "நான் ரெண்டு பாட்டு வாசிச்சுக் காட்டுறேன். லாம்போக், கிடாரக் குடு. என்னோடதுல தந்தி அறுந்து கிடக்கு."

"நானும் வரேன்ண்ணே. அந்த ஆம்புலயே வாசிக்கிறேன்."

"அங்க நானே விருந்தாளி. ஆள் சேர்த்துட்டுப் போனா மாமியா என்னையும் சேர்த்து வெளிய தள்ளிடுவா."

லாம்போக் மனைவியைப் பார்த்தான். தயாஹுன் பாக்குச் சீவுவதை நிறுத்தவில்லை. மாமன் கேட்டதை மறுக்க அந்த வீட்டில் அவனுக்கு வாய் ஏது? கிடாரைத் தூக்கிக் கொடுத்தான். பான்ஷான் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, கிட்போக்குக்குக் கதவைத் திறந்துவிட்டு, சீட்டியடித்தபடி இறங்கிப் போனான்.

ஹெட்போனைச் சுருட்டி வைக்க எடுத்தபோதுதான் லாம்போக் கவனித்தான். அதைச் செருகும் பின்னின் நுனியைக் காணோம். டார்ச்சை எடுத்து ஆம்புக்குப் பின்னால் அடித்தான். துளைக்குள் நுனி முறிந்து உட்கார்ந்திருந்தது. ஹெட்போன் இன்னும் செருகியிருப்பதாகவே ஆம்ப் நினைத்துக்கொண்டிருந்தது.

"யார் செஞ்சது இத?"

"அண்ணன்தான்," என்றாள் தயாஹுன், சாதாரணமாக. "காலையில நீ தந்தி வாங்கப் போனப்போ வந்தாரு. செருகியிருந்தத வளைச்சு ஒடிச்சாரு. நான் பார்த்துட்டுத்தான் இருந்தேன்."

"பார்த்துட்டு சும்மாவா இருந்தே?"

"என்ன பண்ணச் சொல்ற? அவர் என் பிள்ளைக்கு மாமன். நாளைக்கு நல்லது கெட்டதுன்னா அவர்தான் வந்து நிப்பாரு. நீ குழுவோட ஊர் ஊராப் போயிருப்பே. எங்க அப்பா போன மாதிரி."

லாம்போக் ஊசியால் நெம்பி நுனியை வெளியே எடுத்தான். உடனே ஸ்பீக்கர் உயிர் வந்து இரைந்தது. செருகத்தான் கிடார் இல்லை. தரையில் கிடந்த கிடார் ஒயரின் முனையை எடுத்து விரலால் தொட்டான். ஆம்ப் வீடே அதிர உறுமியது. விரலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"அணைச்சுத் தொலை," என்றாள் தயாஹுன். "பிள்ள தூங்குது."