பச்சை எழுத்தில் ஒரு வரி

“கொன்னுட்டியேடீ! செத்தவனை ரெண்டாவது தடவையும் கொன்னுட்டியே!”

மாமியார் ஃபுமியேவின் சத்தம் எங்கள் தெரு மீன்கடை வரைக்கும் கேட்டது. அன்று கடையில் நல்ல கூட்டம். மீன் வாங்கத்தான் யாருமில்லை.

“நல்லதுன்னு நெனச்சுத்தானே செஞ்சேன், அத்தை...” என்றாள் மருமகள் சத்சுகி.

அவள் கணவன் ரியோஹேவுக்கு ஒரு காணொளித் தளத்தின்மேல் பைத்தியம். ஓடும் படத்தின் மேலேயே பார்ப்பவர்கள் எழுதலாம். எழுத்து வலமிருந்து இடமாக ஊர்ந்து போகும். ஆரம்பத்தில் அங்கே ஒரே கூச்சலும் கும்மாளமும். பிறகு சந்தா கட்டியவர்களை உள்ளே வைத்துக்கொண்டு, மற்றவர்களைக் கூட்ட நேரத்தில் வெளியே தள்ளினார்கள். இளவட்டங்கள் வேறு தளங்களுக்குப் போய்விட்டன. ரியோஹே போகவில்லை.

எங்கள் ஊர் தொயாமா வழியாகப் போகும் ரயிலின் ஜன்னலிலிருந்து எவனோ எடுத்த படம் ஒன்று அதில் உண்டு. பாலம் தாண்டியதும் கண்சிமிட்டும் நேரம் இவர்கள் வீட்டு மாடி தெரியும். அந்த இடத்தில் ரியோஹே பச்சை நிறத்தில் எழுதியிருந்தான்: “அதோ, எங்கம்மா காயப்போட்ட மெத்தை!”

மழைக்காலத்தில் ஈரல் கெட்டு அவன் போய்ச் சேர்ந்தான். ஃபுமியே தினமும் காலையில் பூஜை மாடத்தில் சோறு வைத்துவிட்டு அந்தப் படத்தைப் பார்ப்பாள். படத்துக்கு முன்னால் மட்டும்தான் சிரிப்பாள்.

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்குச் சத்சுகி தெருவில் சொன்னாள்: “துக்க வீட்டுக்குக் குடுக்கிற ஊதுவத்திப் பணமெல்லாம் வேண்டாங்க. அந்தப் படத்துல ஆளுக்கு ரெண்டு வரி எழுதுங்க, போதும்.” அவனுடைய தளத்து நண்பர்களுக்கும் சொல்லி அனுப்பினாள். பணம் தந்தவர்களுக்குப் பதில் பரிசு அனுப்பும் தொல்லை அவளுக்கு இல்லை, செலவு எங்களுக்கு இல்லை. துக்கம் பொங்கி வழிந்தது. முடிதிருத்தும் கடைக்காரர் மனைவி தொமிகோ மூன்று நிறங்களில் எழுதினாள். படத்தை எடுத்தவன்கூட எழுதினான். எழுத்துக் கூட்டத்தில் ரயிலே தெரியவில்லை.

தளம் வேறொரு நிறுவனத்துக்குக் கைமாறியிருந்தது; அதன் பிறகு, கடைசியாக வந்த வரிகளை மட்டும்தான் வைத்திருப்பார்களாம். புதியது ஒன்று ஏறினால் பழையது ஒன்று விழும். இது எங்களில் யாருக்கும் தெரியாது. எங்கள் அனுதாபமெல்லாம் ஏறி உட்கார்ந்தது. அவனுடைய வரி விழுந்தது.

நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டாள் சத்சுகி. தலைவணங்கி வருந்துவதாகவும், விழுந்ததைச் சேமிப்பதில்லை என்றும் பதில் வந்தது.

கடைசியில் அதே இடத்தில், அதே பச்சையில், அதே சொற்களை அவளே எழுதினாள். எழுதிவிட்டு மாமியாரைக் கூப்பிட்டாள்.

ஃபுமியே குனிந்து பார்த்தாள்.

“அவன் எழுதினது மெத்தை மேலேயே ஊர்ந்து போகும். இது மெத்தை போனப்புறம் வருது. உன் கைதானே?”

“ஆமா, அத்தை.”

“அழிச்சிடு.”

இரண்டு வருடம் கழித்துச் சத்சுகி வடக்கே தொலைவில் இருக்கும் குஷிரோவுக்குப் போனாள், அந்த ரயில் படத்தை எடுத்தவனையே கட்டிக்கொண்டு. “துக்கம் விசாரிச்சே பொண்ணைத் தூக்கிட்டான் பாருங்க” என்று தொமிகோ இன்றும் சொல்லிச் சிரிக்கிறாள்.

ஃபுமியே எங்கும் போகவில்லை. மெத்தையை மட்டும் இப்போது ரயிலுக்குத் தெரியாமல் வீட்டுக்குப் பின்பக்கம் காயப்போடுகிறாள். அங்கே வெயிலே வராது.