அதே ஆள்தான் என்பதற்குச் சாட்சி

கணினித் திரையின் இடப்பக்கம் அவன் மனைவியின் பழைய பெயர். வலப்பக்கம், கல்யாணத்துக்குப் பிறகு அவன் பெயரையும் வாலாகச் சேர்த்துக்கொண்ட பெயர். கீழே இரண்டு பொத்தான்கள்: ‘ஒருவரே’, ‘இருவர்’. பல்கலைக்கழகங்களின் இணையச் சேமிப்பகங்களில் சிதறிக் கிடக்கும் ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டி, எழுதியவர் ஒவ்வொருவருக்கும் ஒரே எண் கொடுப்பதுதான் அந்த அலுவலகத்தின் வேலை. கணினிக்குச் சந்தேகம் வந்தால் சரிபார்ப்பவனான அவனிடம் வரும். தெரிந்தவர் பெயர் வந்தால் அடுத்த மேசைக்குத் தள்ளிவிட வேண்டும் என்பது விதி. அவன் தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு ‘இருவர்’ என்பதை அழுத்தினான். வீட்டைவிட்டுப் போனவளின் பாதி உழைப்பு அந்த ஒரு அழுத்தில் யாரோ ஒருத்தியுடையதாகிவிட்டது. அன்றைக்கு மத்தியானம் அவனுக்கு நன்றாகப் பசித்தது.

அடுத்த மாதம் அவளே வந்து நின்றாள். நிலத்தடி நீரில் உப்பு ஏறுவதைப் பற்றி அவள் எழுதியவற்றில் உருப்படியானவை எல்லாம் அவனோடு வாழ்ந்தபோது அந்தப் புதுப் பெயரில் எழுதியவை. சமைத்து, அவன் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு எழுதியவை. ஆய்வுக்கூடத் தலைமைப் பதவிக்கு விண்ணப்பிக்க இன்றே கடைசி நாள். தன் எண்ணில் சேராத கட்டுரை கணக்கில் வராது. அடுத்த மேசைக்காரி விடுப்பில் இருந்தாள், அதுவும் அவன் அதிர்ஷ்டம்.

“ரெண்டும் நான்தான். சேத்து விடுங்க” என்றாள், கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று.

“ஆதாரம் இருக்குங்களா மேடம்?”

வீட்டில் இருந்தவரை அவளை ‘ஏய்’ என்றுதான் கூப்பிட்டான்.

“கல்யாணச் சான்றிதழ் உன் பீரோவுலதான் கிடக்கு. நான் யாருன்னு உனக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரிஞ்சு என்னங்க பண்றது, சிஸ்டத்துக்குத் தெரியணுமே. பழைய பேர்லயும் புதுப் பேர்லயும் உங்களைத் தெரிஞ்ச ஒருத்தர் நேர்ல வந்து கையெழுத்து போட்டாப் போதும்.”

அவள் படிவத்தை அவன் பக்கமே தள்ளினாள். “நீயே போடு.”

“தெரிஞ்சவங்களுக்கு நான் போடக் கூடாதுங்க. விதி அப்படி.”

சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பாவி, அந்த விதி இன்றைக்குத்தான் அவனுக்கு ஞாபகம் வந்தது.

அவள் நடைவழி பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தாள். வழிகாட்டிய பேராசிரியர் இறந்துவிட்டார். உடன் எழுதியவர்கள் ஆளுக்கொரு நாட்டில் இருந்தார்கள். மிச்சம் இருந்தது இரண்டு தெரு தள்ளி இருந்த மாமியார் மட்டும். மருமகளின் கட்டுரை வந்த பத்திரிகையைத் தெருவுக்கே காட்டிப் பெருமைப்பட்டவர். அவரைக் கைபேசியில் அழைத்தாள்.

“அத்தை, ஒரே ஒரு கையெழுத்து. நான்தான் நான்னு சொல்லணும். அஞ்சு மணிக்குள்ள.”

“உனக்குப் போடாம வேற யாருக்குடி போடப் போறேன்! இதோ வரேன் கண்ணு.” செருப்பைத் தேடி இழுக்கும் சத்தம் கேட்டது. அவள் பெஞ்சிலிருந்து எழுந்தாள். பிறகு அந்தச் சத்தம் நின்றது. “அவன்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை கேட்டுடறேன்மா. அவன் சோத்தைத் தின்னுட்டு, அவனைக் கேக்காம எப்படி...”

“அத்தை, வேண்டாம் அத்தை...”

மறுமுனையில் யாரும் இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மேசைமேல் அவன் கைபேசி அதிரத் தொடங்கியது. அவன் அதன் திரையைப் பார்த்தான். தலையை உயர்த்தி அவளைப் பார்த்தான். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டான். ‘அம்மா’ என்ற வெளிச்சத்தோடு அது அதிர்ந்து அதிர்ந்து மேசையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. அதற்கு வழிவிட்டு, அவன் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தான்.