முன்வாசலில் உட்கார்ந்தவர்கள்

நேரலை தொடங்குவதற்கு முன்பே தயாரிப்பாளர் கறாராகச் சொல்லிவிட்டார். “தலைவர்கிட்ட ஜெயில் அனுபவத்தை மட்டும் கேளு. தியேட்டர் பேச்சே கூடாது. நம்ம வண்டி ஓடுறதே தியேட்டர்காரங்க விளம்பரத்துல.”

தொகுப்பாளினி பட்டும் படாமலும் தலையாட்டினாள்.

அன்று இரண்டு விருந்தினர்கள். ஒருவர் உரிமைப் போராட்டத் தலைவர். அவருடைய சமூகத்து மக்கள் நகரத்துத் திரையரங்குகளில் பக்கவாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும், ஓரத்தில்தான் உட்கார வேண்டும். அதை எதிர்த்து மறியல் செய்து சிறைக்குப் போனவர், அப்போதுதான் வெளியே வந்திருந்தார். மற்றவள் பிரபல நடிகை. வெள்ளிக்கிழமை அவள் படம் வெளியாகவிருந்தது.

“சார், என் படம் ஏதாவது பார்த்திருக்கீங்களா?” நடிகை விளையாட்டாகக் கேட்டாள்.

“ஒண்ணு விடாம பார்த்திருக்கேன்மா. என்ன, உங்க முகத்தை முழுசா பார்க்கறது இன்னைக்குத்தான். எங்க பக்கம் தூண் மறைக்கும்.”

அரங்கமே சிரித்தது. நடிகை சிரிக்கவில்லை.

“இடம் மாறி உட்கார வேண்டியதுதானே?”

“விட்டாத்தானே! அதைக் கேட்டுத்தான் உள்ள போயிட்டு வந்தேன்.”

கண்ணாடிக்கு அப்பால் தயாரிப்பாளர் குதித்தார். தொகுப்பாளினியின் காதுக்கருவியில், “விளம்பரத்துக்குப் போ!” என்ற கத்தல். அவள் கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். “நீங்க பேசுங்க” என்றாள்.

நடிகை தலைவரிடம் திரும்பினாள். “வெள்ளிக்கிழமை முதல் காட்சிக்கு நானும் உங்களோட வர்றேன். முன்வாசல் வழியா. விடலைன்னா அங்கேயே உட்காருவோம்.”

“இது சினிமா இல்லம்மா. நிஜமாவே அடிப்பாங்க.”

“பயமாத்தான் இருக்கு சார். ஆனா வர்றேன்.”

மறுநாளே தொகுப்பாளினியின் வேலை போனது. நடிகையின் சுவரொட்டிகள் கிழிக்கப்பட்டன. சொன்னபடி வெள்ளிக்கிழமை நடிகையும் தலைவரும் பெரிய திரையரங்கின் முன்வாசலில் உட்கார்ந்தார்கள். வேலையிழந்தவளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். காவலர்கள் இழுத்ததில் நடிகையின் தோள்மூட்டு விலகியது. கட்டுப்போட்ட கையோடு மறுநாளும் வந்தாள்.

அதைப் பார்த்த பிறகு, சீட்டு வாங்கியவர்களே உள்ளே போக மறுத்தார்கள். கூட்டம் தெருவரை நிரம்பியது. காலி நாற்காலிகளுக்குப் படம் ஓட்டிச் சலித்த முதலாளி, ஒரு வாரத்தில் இறங்கிவந்தார். முன்வாசல் எல்லோருக்கும் திறந்தது.

முதலில் தலைவரின் மனைவி நுழைந்தார். யாரும் தடுக்கவில்லை. நடு வரிசையில் நிதானமாக உட்கார்ந்துகொண்டார்.

மற்ற முதலாளிகள் இன்னும் வீம்பில்தான் இருந்தார்கள். “சரி, அடுத்தது எந்த தியேட்டர்?” என்று நடிகை கேட்டாள்.