கடலோர வழியில் ஒரு வீடு

கிண்ணியாவுக்கு ரெயில் வரவில்லை. அது ஊருக்கே தெரியும். ஆனால் சண்டை ஓய்ந்திருந்த அந்தச் சமாதான காலத்தில், சோதனைச் சாவடிக்காரர்கூடச் சிரிக்கப் பழகியிருந்த நாட்களில், வராத ரெயில் எந்த வழியால் வரவேண்டும் என்று நாங்கள் பிடித்த சண்டை இருக்கிறதே, அதைச் சொன்னால்தான் எங்களை விளங்கும். பிள்ளை பிறக்க முன்னமே பேர் வைத்துவிட்டு, அந்தப் பேருக்காக அடிபடுகிற ஆட்கள் நாங்கள்.

திருகோணமலைக்கு வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற சனம் தினமும் துறையில் படகுக்குக் காத்து வெயிலில் காய்ந்தது. ஒரு கிளைத் தண்டவாளம் போட்டுக் காலையும் மாலையும் ரெயில் விட்டால் இந்தத் தொல்லை தீரும் என்று கொழும்பில் யாரோ நினைத்திருக்கிறார்கள். நினைத்ததோடு விடாமல் ஒரு பெரிய வரைபடத்தையும் தவராசா என்ற எஞ்சினியரையும் அனுப்பிவிட்டார்கள். பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் நடந்தது.

வழி இரண்டு. ஒன்று தம்பலகாமத்திலிருந்து வயல்களுக்குள்ளால் வருவது. அதற்கு அஸீம் ஹாஜியார் நின்றார். அது அவருடைய அரிசி ஆலை வாசலால் போகும். மற்றது சீனக்குடாவிலிருந்து கடலோரமாக வந்து, புதிதாய்க் கட்டப்போகும் பாலம் ஏறி, துறையடியில் முடிவது. அதற்கு நான் நின்றேன். துறையடியில் ஆணி, தகரம், ஓடு விற்கிற அபூதாஹிரின் கடை இருக்கிறது. அபூதாஹிர் நான்தான். இரண்டு பேரும் பொதுநன்மையைப் பற்றித்தான் தொண்டை கிழியப் பேசினோம்.

காற்று என் பக்கம் அடித்தது. வயல்காரர் ஒவ்வொருவராக எழுந்து, ரெயில் வேண்டும், ஆனால் தன் வரம்பைத் தொடக்கூடாது என்றார்கள். எஞ்சினியர் களைத்துப்போனார்.

"கடலோரத்தில இந்தக் கரைச்சல் இல்லை," என்றார். "இஞ்ச பாருங்கோ, இது முழுக்க அரச காணி. ஆக்கள் ஒருத்தரும் இல்லை. செலவும் குறைவு."

அவர் விரல் வைத்த இடம் வெறும் பச்சையாக இருந்தது. நான் அஸீமைப் பார்த்துத் தாடிக்குள் சிரித்தேன்.

அப்போதுதான் ஞானமணி டீச்சர் எழுந்தார். நான் சிரிப்பை நிறுத்தினேன்.

டீச்சர் எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிப்பவர். லிங்கநகரில் வாடகைக்கு இருந்தார். சொந்த வீடு இலுப்பையடியில், அதாவது அந்தப் பச்சைக்குள். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் இலுப்பையடிச் சனம் கலைந்து ஓட, பிறகு இராணுவ முகாம் வந்து வேலி போட்டுவிட்டது. சமாதானம் என்றதும் டீச்சர் அந்த வாசலுக்கு நடக்கத் தொடங்கினார். திரும்ப இருக்க விடுங்கள் என்றுகூட அவர் கேட்கவில்லை, வீட்டை ஒருக்கால் பார்க்க விடுங்கள் என்றுதான் கேட்டார். ஒவ்வொரு முறையும் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள்.

"ஆக்கள் இல்லையெண்டு சொல்லாதேங்கோ," என்றார் டீச்சர். "அதுக்குள்ள என்ர வீடு இருக்கு."

அஸீம் துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா எஞ்சினியர்! சொந்தக்காரர் இருக்கிறாங்க. அந்த வழி சரிவராது!" டீச்சர் மேல் அவருக்குத் திடீரென்று வந்த பாசத்தைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எஞ்சினியர் கெட்ட மனிதர் இல்லை. "காணி உறுதிப் பத்திரம் இருக்கா அம்மா?" என்று கேட்டார்.

"இருக்கு."

"கொண்டுவந்தனீங்களா?"

"உறுதி அலுமாரிக்குள்ள. அலுமாரி வீட்டுக்குள்ள. வீடு முகாமுக்குள்ள."

மண்டபம் சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

"அப்ப, வீடு இருந்ததெண்டு சொல்ல இஞ்ச ஆராவது இருக்கினமா?" என்றார் எஞ்சினியர். "ஒரு ஆள் சொன்னாலும் நான் குறிக்க வேணும். குறிச்சா, சொந்தக்காரரை விசாரிக்காமல் தண்டவாளம் போட ஏலாது. செலவுக் கணக்கும் மாறும்."

ஒரு ஆள் இருந்தான். அந்த வீட்டு ஓடு என் கடை ஓடு. டிராக்டர் பெட்டியில் ஏற்றிக்கொண்டு நானே போய் இறக்கினேன். டீச்சரின் புருஷன் வீரக்குட்டி அப்போது உயிரோடு இருந்தார், இளநீர் வெட்டித் தந்தார். இதெல்லாம் டீச்சருக்கும் தெரியும். என் பக்கம் ஒரு பார்வை பார்த்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், வீம்புக்கே வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். அவர் பார்க்கவில்லை. வரைபடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ரெயிலால் இறங்கி என் கடைக்கு வரப்போகிற சனத்தை மனதால் ஒருமுறை பார்த்துக்கொண்டேன், பிறகு எழுந்தேன்.

"இருந்திச்சு. ஓடு நான் குடுத்த ஓடு. கிழக்குப் பாத்த வீடு, பின்னால கிணறு."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அஸீம் என்னைக் கட்டிப்பிடிக்காத குறை.

எஞ்சினியர் பென்சிலால் பச்சைக்குள் ஒரு சின்னச் சதுரம் கீறினார். டீச்சர் கிட்டப் போய்க் குனிந்தார். "இன்னும் கொஞ்சம் கடல் பக்கம், தம்பி." அவர் அழித்துவிட்டு மறுபடி கீறினார். "ஓம், இதுதான்," என்று டீச்சர் அந்தச் சதுரத்தை விரலால் தொட்டார்.

"சரி அம்மா, உங்கட எதிர்ப்பை எழுதிக்கொள்ளுறன்."

"எதிர்ப்போ? ஆர் எதிர்த்தது? இந்த வழியாலயே கொண்டுபோங்கோ."

அஸீம் திறந்த வாய் திறந்தபடி கதிரையில் அமர்ந்துவிட்டார்.

எஞ்சினியர் மெதுவாகச் சொன்னார். "அம்மா, கோடு உங்கட வீட்டுக்கு மேலாலதான் போகுது. வீட்டை இடிக்க வேணும்."

"விளங்குது. இடிக்க முன்னம் சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுவீங்கள்தானே?"

"ஓம், கூப்பிடத்தான் வேணும்."

"அப்ப என்னைக் கூப்பிடுவீங்கள்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கடையையும் ஸ்டேஷனையும் நினைத்து வந்த நான், நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டீச்சர் கைப்பையைத் திறந்து எதையோ தேடினார். நூலில் கட்டிய ஒரு பழைய வீட்டுச் சாவியை எடுத்து வரைபடத்தின் மேல் வைத்தார்.

"இதையும் எழுதிக்கொள்ளுங்கோ தம்பி. நான் வர முன்னம் கதவை உடைச்சுப் போடாதேங்கோ. திறப்பு என்னட்ட இருக்கு."