அடிக்கு நடுவே ஒரு ஜோக்

குத்து என்னவோ சித்தப்பாவுக்காகத்தான் கிளம்பியது. சித்தப்பா குனிந்துவிட்டார். சவப்பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வாசலில் நுழைந்த ஆளின் மூக்கில் போய் அது இறங்கியது. பெட்டி அவர் கையைவிட்டு நழுவி, தரையில் மோதி, ஒரு பக்கப் பலகை தனியே கழன்று விழுந்தது. நல்லவேளை, உள்ளே அப்பா இல்லை. அவர் கூடத்துக் கட்டிலில் வெள்ளைத் துணிக்கடியில் இருந்தார்.

"அய்யோ, மன்னிச்சிடுங்க! உங்களை இல்லை, அவரைத்தான்!" என்றான் அண்ணன்.

"அதைச் சொன்னா ரத்தம் நின்னுடுமா சார்?" என்றார் பெட்டிக்காரர், மூக்கைப் பொத்திக்கொண்டு.

முப்பது வயதில் முதன்முறையாக ஒரு மனிதனை அடிக்கக் கை ஓங்கியிருக்கிறான். அதுவும் விலாசம் தவறிப் போய்ச் சேர்ந்துவிட்டது.

சித்தப்பா சொன்னது இவ்வளவுதான்: "என் அண்ணனைக் கொன்னது இவதான்." சொல்லிக்கொண்டே தங்கையைக் காட்டினார்.

தங்கைக்கு இருபத்திரண்டு வயது. எழுத்துகள் அவள் கண்ணில் ஓரிடத்தில் நிற்பதில்லை. அப்பாவோ அச்சகத்தில் பிழை திருத்துபவர். நாற்பது வருடம் ஊரார் எழுத்தில் சிவப்பு மை சுழித்தவருக்குச் சொந்த வீட்டில் ஒன்று திருந்தவில்லை என்பது தாங்கவில்லை. இரும்பு ஸ்கேலால் திருத்தினார். விரல் கணுவில், முழங்கையில், ஒருமுறை உதட்டில். தடுக்க அம்மா இருந்த காலமும் முடிந்து எட்டு வருடமாகிறது.

அண்ணன் தன் பங்குக்கு அவளுடைய எதிர்காலத்தைத் திட்டமிட்டான். விண்ணப்பத்தை அவனே நிரப்பினான். அவள் கையெழுத்தையும் அவனே போட்டான். மூன்று வேலைகள். மூன்றாவது, ஆட்களின் பெயரையும் முகவரியையும் பார்த்துப் பார்த்துக் கணினியில் ஏற்றுவது. நீச்சல் தெரியாதவளைக் கடலில் இறக்கிவிட்டுக் கரையிலிருந்து கைதட்டிய மகராசன் அவன். ஒவ்வொரு முறையும் "சரி அண்ணா" என்று போனாள். பத்தே நாளில் தலையைக் குனிந்துகொண்டு திரும்பினாள்.

நான்காவதை அவளே பிடித்தாள். மோட்டாருக்குக் கம்பிக் காயில் கட்டும் பட்டறை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, பழைய கம்பி ஓடிய வழியை விரலால் தடவிப் பார்த்து, அதே வழியில் புதுக்கம்பியைச் சுற்றிவிடுவாள். எண்ணிக்கையை எழுதுவதில்லை. பத்துச் சுற்றுக்கு ஒரு நட்டு, டப்பாவில் டிங் என்று விழும். அவள் கட்டிய மோட்டார் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை என்று பட்டறைக்காரம்மா மாடி அறையையும் தருவதாகச் சொன்னார்.

நேற்று மதியம், அண்ணனும் வந்திருந்து எல்லாரும் சாப்பிடும்போது, அதை அப்பாவிடம் சொன்னாள். தட்டு பறந்தது. ஸ்டூல் பறந்தது. ஸ்கேலைத் தேடி அலமாரியைக் கவிழ்த்தார். அது கிடைத்ததும் ஓங்கினார். ஓங்கிய கை இறங்குவதற்குள் அவரே சரிந்துவிட்டார்.

"வேலையும் வேணாம், ரூமும் வேணாம். என் வீட்ல கூட்டித் துடைச்சிட்டுக் கிடக்கட்டும். அதுக்கு எழுத்து எதுக்கு?" என்றார், குத்துக்குக் குனிந்து நிமிர்ந்த சித்தப்பா.

மூலையில் நின்ற பட்டறைக்காரம்மா, "அவகிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்," என்றார்.

"அவகிட்ட என்னத்தைக் கேக்கறது?" சித்தப்பா தங்கையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். அவள் கட்டில்காலில் இடித்துக்கொண்டாள். அண்ணன் பாய்ந்தான். சித்தப்பா இன்னொரு கையால் அவன் கழுத்தைப் பிடித்துக் கதவுநிலையில் மோதினார். பல்லில் ஏதோ நொறுங்கும் சத்தம். தன் பல்தான் என்று புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

பிறகு இன்னொரு சத்தம். கழன்று கிடந்த பலகை தங்கையின் கையில் இருந்தது. சித்தப்பா முழங்கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அலறினார்.

"நான் வரல சித்தப்பா," என்றாள்.

பெட்டிக்காரர் மெல்ல, "அதைக் குடும்மா, ஆணி அடிக்கணும்," என்றார். கொடுத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள்.

அண்ணன் பின்னாலேயே போனான். குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் ரத்தத்தைத் துப்பிவிட்டு, "ஒரு பல்லு போச்சு. இனிமே விசிலடிக்க வசதி," என்றான்.

அவள் சிரிக்கவில்லை.

"பாப்பா, என்கூட வந்துடு. இந்தத் தடவை நல்ல வேலையாப் பார்க்கறேன்."

"சரி அண்ணா"வுக்காகக் காத்திருந்தான்.

"வேணாம். திங்கக்கிழமை பட்டறைக்குப் போறேன். ரூமுக்கும்."

"என்மேல என்ன கோபம்? நேராச் சொல்லேன்."

குழாயை மூடினாள்.

"அப்பா அடிக்கறப்பல்லாம் நீ ஜோக் சொல்லுவே. நேத்தும் சொன்னே."

"அது... சிரிச்சா நிறுத்திடுவாருன்னுதான் பாப்பா."

"தெரியும். அவர் சிரிச்சுக்கிட்டே அடிப்பார். நீ அவர் கையைப் பிடிச்சிருக்கணும் அண்ணா."

அவன் நாக்கால் பல் போன இடத்தைத் தடவினான்.

அவள் முகம் துடைத்த துண்டைப் பிழிந்து கொடியில் போட்டாள். இரண்டு ஓரமும் சமமாகத் தொங்கும்வரை இழுத்துவிட்டாள்.