புகைபோக்கியும் டீச்சரின் ஓட்டும்

1

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாக வந்தது. ஒட்டுக் கேட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டுப் பூகோள டீச்சர் ஓய்வு பெற்றுவிட்டார், அவருடைய தொண்டை இன்னும் பெறவில்லை. கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படிதான் தம்பியோடு போனில் பேசுவார். அப்படிப் பாதிக் கதை கிடைத்தது. மீதி என் கைச்சரக்கு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பருவநிலை மாற்றத்தைத் தடுப்பதில் முதலீட்டாளர்களின் கடமை யாதெனில்..." (அடித்துவிட்டேன். என் மனைவியே இரண்டாவது வரிக்கு வரமாட்டாள்.) அடுத்து: "அன்று வானம் சாம்பல் நிறத்தில்..." (இதுவும் வேண்டாம். டீச்சர் வளர்ந்த இடத்தில் சாம்பல் துணியில்தான் இருந்தது.)

2

அனல் மின் நிலையத்துக் குவார்ட்டர்ஸில்தான் டீச்சரும் தம்பியும் பிறந்தார்கள். அங்கே துணி உலர்த்துவதற்கென்றே ஒரு முறை உண்டு. கொடியில் போட்டதும் யாராவது ஒருவர் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். புகை வீட்டுப் பக்கம் சாய்ந்தால் "துணி!" என்று ஒரு சத்தம். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் கொடிக்கு ஓடுவார்கள். தம்பி ஈரப் போர்வையைச் சுற்றிக்கொண்டு தடுக்கி விழுவான், அம்மா திட்டிக்கொண்டே சிரிப்பாள். அந்த ஓட்டத்தை நினைத்தால் டீச்சருக்கு இப்போதும் நெஞ்சு நிறைந்துவிடும். வகுப்பில் காற்றின் திசையைக் கரும்பலகையில் புகைபோக்கி வரைந்துதான் சொல்லிக்கொடுத்தார்.

(இங்கே ஒரு சந்தேகம். புகையைப் போய் ஒருவர் இவ்வளவு ஆசையாக நினைப்பாரா? டீச்சர் நினைத்தார். அதை நான் திருத்தப் போவதில்லை.)

3

ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதியை எங்கே முதலீடு செய்வது என்று முடிவெடுக்கும் குழுவில் டீச்சர் ஓர் உறுப்பினர். அதே மின் நிலையத்தின் பங்குகள் அந்த நிதியிடம் நிறைய இருந்தன. ஒரு கூட்டத்தில் ஆலோசகராக வந்த பெண் திரையில் படம் காட்டினாள். உயரமான புகைபோக்கி, சாய்ந்த புகை. எல்லோரும் முகம் சுளித்தார்கள். டீச்சர் மட்டும் எழுந்தே விட்டார்.

"ஐயையோ, வீட்டுப் பக்கம் சாயுது! துணி!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் மெல்ல உட்கார்ந்தார்.

"வித்துட்டுக் கை கழுவிடலாம் டீச்சர்," என்றார் குழுத் தலைவர்.

"வித்தா வேற யாராவது வாங்குவாங்க சார். புகை அப்படியேதான் வரும்," என்றாள் அந்த ஆலோசகப் பெண். "நாம வெச்சிருந்து, பங்குதாரர் கூட்டத்துல நிலையத்தை மூடச் சொல்லி ஓட்டுப் போட்டா, தீர்மானம் ஜெயிச்சிரும்."

விற்கச் சொல்லி இரண்டு பேர், மூடச் சொல்லி இரண்டு பேர். மிச்சம் டீச்சர். அடுத்த கூட்டத்தில் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தார்.

4

தம்பி இன்னும் அந்த மின் நிலையத்தில் பாய்லர் ஆபரேட்டர். அதே வீட்டில்தான் குடியிருக்கிறார்.

"வித்துட்டுப் போயிடுக்கா. உனக்கும் பாவம் இல்ல, எனக்கும் வேலை போகாது. மூடினா இந்த வீட்டையே இடிச்சிருவாங்க."

"நான் பொறந்த வீடுடா அது."

"அதான் சொல்றேன்."

"உன் இருமல் எப்படி இருக்கு?"

"அது கிடக்கு. பழகிடுச்சு."

(தம்பி பேசியதெல்லாம் நான் எழுதியது. சுவருக்கு ஒரு பக்கம்தான் கேட்கும். ஆனால் டீச்சர் இருமலைப் பற்றி விசாரித்தது நிஜம். பிறகு, "சரிடா, எதுவானாலும் நேர்லயே வந்து சொல்றேன்," என்றதும் நிஜம்.)

5

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் டீச்சர் விற்கச் சொல்கிறார். வேலை பிழைக்கிறது, எல்லோர் கையும் சுத்தம், புகையும் அப்படியே. எழுதச் சுலபமாக இருந்தது, அதனாலேயே பிடிக்கவில்லை.

இரண்டாவதில் மூடச் சொல்கிறார். கைதட்டுகிறார்கள். பிறகு குவார்ட்டர்ஸுக்குள் புல்டோசர் வந்து, டீச்சர் பிறந்த வீட்டுச் சமையலறைச் சுவரை... (இதற்கு மேல் ஓடவில்லை.)

மூன்றாவதில் கூட்டத்துக்கே போகவில்லை. (டீச்சர் அப்படிப்பட்டவர் இல்லை. கிழித்துவிட்டேன்.)

ஓட்டுப் போட்ட மறுநாள் காலை டீச்சர் பையோடு கிளம்பினார். எந்தப் பக்கம் போட்டீர்கள் என்று வாய்விட்டே கேட்டேன். "முதல்ல அவன்கிட்ட சொல்லணும்," என்றார்.

இப்போது அந்த வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார். தம்பி திறக்கிறார். "வாக்கா" என்று பையை வாங்கிக்கொள்கிறார். டீச்சர் அடுத்துச் சொல்லப்போவதை நீங்களே எழுதுங்கள். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் எழுதலாம். ஒன்று மட்டும், அதைத் தம்பியின் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.