கல்மண்டபத்தில் இத்தாலிச் சாப்பாடு

மதராஸ் துறைமுகத்தில் இறங்கும் இத்தாலி மாலுமிக்குத் தன் ஊர்ச் சாப்பாடு வேண்டுமென்றால் அந்த நாளில் இரண்டு வழிகள் இருந்தன. மவுண்ட் ரோடு பக்கம் பெரிய ஓட்டலுக்குப் போய், டை கட்டிய சர்வர் கொண்டுவரும் டின் மக்ரோனியைச் சாப்பிடலாம். இல்லையென்றால் துறைமுக வாசலில் நிற்கும் ரிக்‌ஷாக்காரர் கிருஷ்ணப்பனிடம் வயிற்றைத் தட்டிக் காட்டலாம். அவர் நேராக ராயபுரம் கல்மண்டபத்துக்கு மிதிப்பார்.

அங்கே கஸ்பார் தன் வீட்டு முன்னறையில் நான்கு மேஜை போட்டிருந்தார். இத்தாலிக் கப்பல் ஒன்றில் சமையல் வேலை பார்த்தவர். கல்யாணத்துக்குப் பிறகும் பெரும்பாலும் கடலில்தான் இருந்தார். போன வருஷம் ஊரோடு வந்து, மனைவி டோரதியோடு இந்தக் கடையை ஆரம்பித்தார்.

இத்தாலிச் சாப்பாட்டில் மாயம் ஒன்றும் இல்லை. மைதாவில் முட்டையை உடைத்து ஊற்றிப் பிசைந்து, ஈரத்துணி போர்த்தி வைக்க வேண்டும். உடனே தேய்த்தால் மாவு ரப்பர் மாதிரி சுருங்கிக்கொள்ளும். கொஞ்சம் ஊறிவிட்டால் இழுத்த இடத்தில் நிற்கும். அதை மெல்லிசாகத் தேய்த்து, ரிப்பன் ரிப்பனாக வெட்டி, கொதிக்கும் உப்புத் தண்ணீரில் போட்டு எடுத்து, தக்காளியும் பூண்டும் வதக்கிய சாஸில் புரட்டினால் ஆயிற்று. ஆலிவ் எண்ணெய்தான் சிக்கல். அது மருந்துக் கடையில், குழந்தைகளுக்குத் தேய்த்துவிடச் சின்னப் பாட்டிலில் கிடைக்கும். கஸ்பார் மாதாமாதம் வாங்குவதைப் பார்த்து, “இன்னா கஸ்பாரு, வூட்ல எத்தினி புள்ளைங்க?” என்று கடைக்காரர் கேட்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரப்போகிறவர் ரெனாத்தோ. கஸ்பார் வேலை பார்த்த அதே கப்பலில் சாப்பாட்டுப் பொறுப்பைப் பார்க்கும் தலைமை ஸ்டூவர்ட். கப்பலின் சமையல்காரர் நோயில் படுத்துவிட்டதால், கஸ்பாரைத் திரும்பக் கூட்டிப்போக வந்திருந்தார். இரண்டு அதிகாரிகளும் கூட வருகிறார்கள். கஸ்பாரின் கை இன்னும் பழைய கைதான் என்று அவர்கள் நாக்கு சொல்லிவிட்டால் செவ்வாய்க்கிழமை கிளம்ப வேண்டியதுதான். சூயஸ் கால்வாய் மூடிக்கிடந்த வருஷங்கள் அவை. ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு போகிற கப்பலில் ஏறியவர் எப்போது திரும்புவார் என்று யாராலும் சொல்ல முடியாது.

கஸ்பார் போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. டோரதியும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயம்.

கிருஷ்ணப்பன்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், “அண்ணி, அண்ணன் கப்பலுக்குப் பூட்டா இந்த மேஜைங்கள நான் எடுத்துக்கினு போறேன். புள்ளைங்க படிக்க ஒதவும்” என்றார்.

“மேஜைய தொட்டுப் பாரு. ரிக்‌ஷா மிதிக்கக் காலு இருக்காது” என்றாள் டோரதி.

கப்பலில் மணி அடித்தால் எல்லாரும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கஸ்பாரின் கை அந்த மணிக்குப் பழகிய கை. சொன்ன நேரத்துக்கு ரிப்பன்களைக் கொதிநீரில் போட்டு, வெந்ததும் வடித்துவிட்டார். விருந்தாளிகள் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். நேரம் போகப் போக ரிப்பன்கள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கின. கஸ்பார் பதறிப்போய் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீரை எடுத்து மேலே ஊற்றி அலசினார்.

அதுதான் தப்பு. ரிப்பன்மேல் படிந்திருக்கும் மாவுப் பசைதான் சாஸைப் பிடித்து நிறுத்துவது. அலசியதில் அது போய்விட்டது. அவர்கள் வந்து உட்கார்ந்த பிறகு சாஸில் புரட்டினால், வெள்ளை ரிப்பன் வெள்ளையாகவே கிடக்க, சிவப்புத் தண்ணீர் அடியில் தேங்கியது.

“டோரா, வடிச்ச தண்ணி கீதா? ஊத்திட்டியா?”

ராயபுரத்தில் சோறு வடிக்கிற எந்த வீட்டிலும் கஞ்சியைக் கொட்டமாட்டார்கள். இந்தத் தண்ணீரையும் டோரதி சட்டைக்குக் கஞ்சியாகப் போடலாம் என்று கதவோரம் ஒரு சட்டியில் பிடித்து வைத்திருந்தாள். அது இன்னும் சூடாகவே இருந்தது. ‘ஊத்திட்டேன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். முன்னறையில் இருப்பவர்கள் அரைத் தட்டோடு எழுந்து போய்விடுவார்கள், கப்பலும் போய்விடும்.

கஸ்பார் அடியில் தேங்கியதைக் கரண்டியால் அள்ளி அள்ளி ரிப்பன்மேல் ஊற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். இத்தனை வருஷம் அவர் கையால் சாப்பிட்டவர்கள் முன்னால் அந்தத் தட்டை அவர் எப்படிக் கொண்டுபோய் வைப்பார்?

சட்டியைத் தூக்கி வந்தாள். “தள்ளு. கொழம்பு தண்ணியா பூட்டா நாங்க இன்னா செய்வோம்?” என்று சொல்லிக்கொண்டே இரண்டு கரண்டிக் கஞ்சியை வாணலியில் ஊற்றி, தீயைத் தூண்டி, விடாமல் புரட்டினாள். தனித்தனியாக நின்ற எண்ணெயும் தண்ணீரும் கஞ்சியில் ஒன்று கலந்தன. சாஸ் கெட்டியாகி ஒவ்வொரு ரிப்பன்மேலும் பளபளவென்று ஏறியது.

ரெனாத்தோ ஒரு துளி விடாமல் ரொட்டியால் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டார். கஸ்பாரின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டார். கஸ்பார் உள்வாசலில் நின்ற டோரதியைக் காட்டி, அவர்கள் பாஷையில் பதில் சொன்னார். மூவரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். ரெனாத்தோ சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, மெதுவாகத் தலையாட்டி, இன்னும் கொஞ்சம் என்று காலித் தட்டை நீட்டினார்.

கஸ்பார் தட்டோடு உள்ளே வந்தார்.

“இன்னாய்யா சொன்ன அவருகிட்ட?”

“இன்னிக்கு நீங்க துன்னது என் பொண்டாட்டி கைப்பக்குவம், இவள உட்டுட்டு வந்தா உங்களுக்குக் கஞ்சியில்லாத மக்ரோனிதான்னேன்.”

“அவ்ளோ நீளமாவா சொன்ன? எனக்கு ரெண்டு வார்த்தைதான் கேட்டுது.”

“வரலன்னு சொன்னேன்.”

டோரதி பலகையில் உட்கார்ந்தாள். “ஊத்திட்டேன்னு சொல்ல இருந்தேன்யா. வாய் வரிக்கும் வந்துச்சு” என்றாள்.

“தெரியும். சட்டி கதவாண்ட கீறத நான் பாத்துக்கினுதான் கேட்டேன்.”

“பாத்துக்கினு ஏன் கேட்ட?”

“நீ ஊத்திட்டேன்னு சொல்லியிருந்தா, சரின்னு அந்தத் தட்டயே எடுத்துக்கினு போயிருப்பேன்.”

டோரதி அவரைப் பார்க்காமல் எழுந்து ஸ்டவ்வுக்குக் காற்று அடித்தாள். தீ நீலமாக ஏறியது.

“அவங்கள ஒக்காரச் சொல்லு. புதுசா வேக வெக்கிலாம்” என்றாள். “இந்த வாட்டி பச்சத் தண்ணி பக்கம் போன, கையை ஒடிச்சிடுவேன்.”